படித்தேன், புரிந்துகொண்டேன்

சரசக்கா கட்டிலில் நகர்ந்து உட்கார்ந்து எனக்கு இடம் விட்டாள். சித்தூர் சந்தப்பேட்டையில் ஷீட் போட்ட ஒற்றை அறை. மத்தியானம் மூன்று மணி. தலைக்கு மேல் ஃபேன் சூட்டைத்தான் சுற்றிவிட்டுக்கொண்டிருந்தது. அவளுடைய இடது கண்ணை மறைத்து ஒரு பச்சைத் துணி தொங்கியது. துணிக்குக் கீழே கன்னத்தில் புதுத் தோல் மினுமினுத்தது.

என் மடியில் கம்பெனி ஃபைல். உள்ளே மூன்று தாள்கள். அவற்றை அவளுக்குப் படித்துக் காட்டி, கடைசித் தாளில் கையெழுத்து வாங்கிக்கொண்டு நாலரை பஸ்ஸைப் பிடிக்க வேண்டும். அதற்காகத்தான் என்னை அனுப்பியிருந்தார்கள்.

"மொதல்ல மோரு குடி. வெயில்ல வந்துகீற" என்றாள்.

குடித்தேன். இஞ்சி தட்டிப் போட்டிருந்தாள். ஒற்றைக் கண்ணை வைத்துக்கொண்டு எப்படித் தட்டினாளோ தெரியவில்லை, ஒரு விரலில் துணி சுற்றியிருந்தது.

"இப்பப் படி கோமதி. நீ எழுதனதுதானே? எங்க ஊட்டுக்காரரு தெனம் சொல்றாரு, நான் பராக்கு பாத்துக்கினு நின்னேன், அதான் கண்ணு போச்சின்னு. பக்கத்து ஊட்லயும் அதான் பேசிக்கினு கீறாங்க. நான் அப்படி நிக்கலன்னு பேப்பர்ல இருக்கும் இல்ல? அதை அவுரு மூஞ்சிக்கு நேரா காட்டணும்."

நான் ஃபைலைத் திறக்காமல் மோர் டம்ளரையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

போன வாரம் இந்தப் பகுதியில் எனக்கு வேலை கிடைத்த கதையை எழுதியிருந்தேன். படித்துவிட்டு ஒரு வாசகர், சிரித்துச் சிரித்து வயிறு புண்ணாகிவிட்டது என்று எழுதியிருக்கிறார். இந்த வாரம் அவர் என்னை மன்னிக்க வேண்டும்.

எனக்கு என்ன வேலை

சித்தூரிலிருந்து அரைமணி நேர பஸ் தூரத்தில் ஒரு மாம்பழக் கூழ் ஃபேக்டரி. பெயர் வேண்டாம். சீசன் வந்தால் தோத்தாபுரி மாம்பழம் ஏற்றிய டிராக்டர்கள் கேட்டிலிருந்து மெயின் ரோடு வரை நிற்கும். அந்த இரண்டு மாதமும் என் புடவை, தலைமுடி, சோற்று டப்பா எல்லாவற்றிலும் மாம்பழ வாசனைதான். வீட்டில் யாரும் மாம்பழத்தைத் தொடக்கூட மாட்டார்கள்.

உள்ளே என் பிரிவுக்கு டாக்குமென்டேஷன் என்று பெயர். திருப்பதியில் ஆங்கிலம் எம்.ஏ. படித்தவள் என்பதால் எடுத்துக்கொண்டார்கள். அங்கே ஒரு வழக்கம் இருந்தது. ஃபிட்டர், ஆபரேட்டர், பாய்லர்க்காரர் யாரும் எதையும் எழுதக் கூடாது. அவர்கள் என் மேஜைக்கு வந்து வாயால் சொல்ல வேண்டும். நான் அதை 'முறையான' மொழியில் எழுதுவேன். கூழ் வாங்கும் வெளிநாட்டுக் கம்பெனிகளின் ஆட்கள் வந்து ஃபைல்களைப் புரட்டுவார்கள். ஃபைல் முழுக்க ஒரே மாதிரி மொழி இருந்தால் அவர்களுக்குப் பிடிக்கும் என்றார் மேனேஜர்.

மேனேஜர் கெட்ட மனிதர் இல்லை. யாரையும் அதட்டிப் பேசி நான் கேட்டதில்லை. வேலைக்குச் சேர்ந்த முதல் வாரம், நான் எழுதிய ஒரு தாளை எடுத்து வந்து ஒரு வார்த்தையைச் சுற்றிச் சிவப்பு வட்டம் போட்டார்.

"லீக் அனே மாட்ட வத்தம்மா. லீக்னு எழுதினா ஆடிட்டர் லீக்கைத்தான் பாப்பாரு. வேற மாதிரி எழுது. நீ சதுவுக்குன்னதானிவி கதா."

லீக் என்ற வார்த்தை வேண்டாம், படித்தவள்தானே நீ என்கிறார். அந்த ஒரு வார்த்தையில் எனக்குத் தலைகால் புரியவில்லை.

நான் செய்த வார்த்தைகள்

இரண்டு பக்கத்துக்கு ஒரு பட்டியல் தயாரித்தேன். இடது பக்கம் எழுதக் கூடாத வார்த்தை, வலது பக்கம் எழுத வேண்டிய வார்த்தை. ஃபைலுக்கு ஆங்கிலத்தில், நோட்டீஸ் போர்டுக்குத் தெலுங்கிலும் தமிழிலும். மூன்று மொழியிலும் நானே செய்தேன்.

அழுகிய பழம் என்று எழுதக் கூடாது. முதிர்ச்சி எல்லை கடந்த மூலப்பொருள். ஈ விழுந்தது என்று எழுதக் கூடாது. பறக்கும் வகை வெளிப்பொருள் பதிவு. தண்ணீர் நின்றுபோனால் பயன்பாட்டு இடைவெளி. சீசன் முடிந்து ஆட்களை வீட்டுக்கு அனுப்பினால் பருவகால விடுவிப்பு. எந்த எந்திரத்தில் எந்தக் கோளாறு வந்தாலும், ஒழுகினாலும் உடைந்தாலும் புகைந்தாலும், எல்லாவற்றுக்கும் சேர்த்துச் செயல்திறன் மாறுபாடு. யாராவது தப்புச் செய்தால் நடத்தை சார்ந்த விலகல்.

பட்டியலைப் பார்த்து மேனேஜர் அவ்வளவு சந்தோஷப்பட்டார். மலைக்குப் போய்வந்த கையோடு ஒரு பெரிய லட்டை அப்படியே என் மேஜையில் வைத்து, "கம்பெனிக்கே பாஷை கொடுத்துட்ட" என்றார். அந்த லட்டை உடைத்து எல்லாருக்கும் கொடுத்தேன். வெட்கமில்லாமல் சொல்கிறேன், ரொம்பப் பெருமையாக இருந்தது.

சரசக்காவுக்கும் ஒரு துண்டு போனது. அவள் கூழ் ஓடும் லைன்களைக் கழுவும் வேலையில் இருந்தவள். எனக்கு ஏழெட்டு வயது மூத்தவள். தினமும் ஒரே பஸ்ஸில் ஏறுவோம். பஸ்ஸில் நான் கோமதி, கேட்டுக்குள் போனால் மேடம், சாயங்காலம் பஸ் ஏறினால் மறுபடி கோமதி. அந்தக் கணக்கில் அவள் ஒரு நாளும் தவறியதில்லை.

பட்டியலை வைத்து அவள் அடித்த கூத்துக்கு அளவே இல்லை. புருஷனைப் பற்றிப் பேச்சு வந்தால், "அத ஏன் கேக்குற, முதிர்ச்சி எல்லை கடந்த மூலப்பொருளு" என்பாள். பஸ் ரிப்பேராகி நின்றால், "எறங்குங்க எறங்குங்க, செயல்திறன் மாறுபாடு" என்பாள். பஸ்ஸே சிரிக்கும். நானும் சிரிப்பேன். அந்தப் பட்டியலைக் கேலி செய்ய அவளுக்குத் தெரிந்திருந்தது. எனக்கு அது தோன்றவேயில்லை.

நைனாவின் நான்கு வார்த்தைகள்

எங்கள் நைனா பஸ் கண்டக்டர். திருப்பதி சித்தூர் ரூட்டில் வருஷக்கணக்காக ஓடினவர். அவருக்குத் தமிழில் நான்கு வார்த்தை, தெலுங்கில் நான்கு வார்த்தை போதும். ஏறு, நகரு, உள்ள வா, இறங்கு. படியில் தொங்குகிறவனைப் பார்த்தால், "உள்ள வா, உயுந்துடுவ" என்பார். அவ்வளவுதான். அவன் உள்ளே வந்துவிடுவான்.

படிக்கட்டுப் பகுதியில் கவனத்துக்குரிய சூழல் நிலவுகிறது என்று நைனா ஒரு நாளும் கூவியதில்லை. கூவியிருந்தால் எத்தனை பேர் ரோட்டில் விழுந்திருப்பார்களோ. நைனா பத்தாவதுகூடத் தாண்டாதவர். நான் எம்.ஏ.

இப்போதெல்லாம் இந்த வியாதி எங்கும் பரவிவிட்டது. போன மாதம் ஏதோ ஒரு அலுவலகத்திலிருந்து என் போனுக்கு மெசேஜ் வந்தது. தங்கள் கோரிக்கை நிறைவுநிலை மேலாண்மைக்கு மாற்றப்பட்டுள்ளது. நான்கு தடவை படித்தேன். முடியாது என்று சொல்கிறார்கள். எழுதின ஆள் யாரென்று எனக்குத் தெரியாது. ஆனால் அவனுக்கும் யாரோ ஒரு லட்டு கொடுத்திருப்பார்கள் என்று தோன்றியது.

சரி, பேச்சு எங்கேயோ போகிறது. சொல்ல வேண்டியதைச் சொல்ல மனசு வரவில்லை, அதுதான் காரணம்.

ஏழாம் நம்பர்

கூழ் ஓடி முடிந்ததும் குழாய்களுக்குள் கொதிக்கும் காஸ்டிக் சோடாத் தண்ணீரை விட்டுச் சுத்தம் செய்வார்கள். தோலில் பட்டால் வெந்துவிடும். கண்ணில் பட்டால் கண் போய்விடும்.

ஒரு காலை ஷிஃப்டில் ஃபிட்டர் முனிரத்தினம் என் மேஜைக்கு வந்தார். கையைத் துடைத்துக்கொண்டே சொன்னார்.

"மேடம், ஏழாம் நம்பர் வால்வு ஒழுகுது. காஸ்டிக் வர்ற லைனு. நான் இறுக்கி வச்சிகீறேன், ஆனா நிக்காது. பார்ட் வரணும். அதுவரைக்கும் கழுவுற நேரத்துல ஆரும் கிட்ட போவக்கூடாது. அப்படியே எழுதிடுங்க."

"எழுதிடறேன் முனிரத்தினம்" என்றேன்.

எழுதினேன். வால்வு 7: செயல்திறன் மாறுபாடு. தொடர் கண்காணிப்பில் உள்ளது.

அவர் சொன்னதில் கிட்டப் போகக் கூடாது என்று ஒன்று இருந்ததே, அது எங்கே போனது? பட்டியலில் அதற்கு இடம் இல்லை. போகக் கூடாது என்று எழுதினால் ஏன் என்று கேள்வி வரும். ஏன் என்று எழுதினால் லீக் என்று எழுத வேண்டியிருக்கும். அப்போது இவ்வளவெல்லாம் யோசிக்கவில்லை. விரல்கள் தாமாகவே டைப் அடித்தன.

மறுநாள் பார்ட் வரவில்லை. நேற்றைய நோட்டீஸைத் திறந்து தேதியை மட்டும் மாற்றி பிரிண்ட் எடுத்தேன். அதற்கு மறுநாளும் அப்படித்தான். மேனேஜர் மேஜைக்கும் அதே வரிதான் போனது. ஒரு நாளும் அவர் அதைப் பற்றி என்னைக் கேட்டதில்லை.

நான்காம் நாள் மத்தியானம் இரண்டு மணி. ஷிஃப்ட் மாறும் நேரம். முனிரத்தினம் பையை மாட்டிக்கொண்டு வீட்டுக்குக் கிளம்பிவிட்டார். மத்தியான ஷிஃப்ட் ஆட்கள் நோட்டீஸ் போர்டுக்குப் பக்கத்தில் வரிசையாக நின்று ரெஜிஸ்டரில் கையெழுத்துப் போட்டுக்கொண்டிருந்தார்கள். அதுவும் ஒரு வழக்கம். அன்றன்றைய நோட்டீஸ் ஒட்டிய பக்கத்தின் கீழே அச்சிட்டிருக்கும்: படித்தேன், புரிந்துகொண்டேன். அதற்கு எதிரே கையெழுத்துப் போட்டால்தான் உள்ளே விடுவார்கள். போர்டை யாரும் நிமிர்ந்துகூடப் பார்ப்பதில்லை.

அந்த வாரம் மத்தியான ஷிஃப்டுக்கு மாறியிருந்த சரசக்கா பார்த்தாள். பள்ளிக்கூடத்தில் தெலுங்கு படித்தவள், தமிழும் எழுத்துக் கூட்டிப் படிப்பாள். பேனாவைக் கையில் வைத்துக்கொண்டே கேட்டாள்.

"மேடம், நாலு நாளா ஏழாம் நம்பருன்னு போட்டுகீறீங்க. அங்கதானே நான் கழுவுறேன். இன்னா அது?"

அன்றைக்கு ஆடிட் ஆட்கள் வருகிறார்கள். என் கையில் போன், கக்கத்தில் நான்கு ஃபைல். போர்டைத் திரும்பிப் பார்த்தேன். ஒன்று சொன்னால் நம்புவீர்களா? அந்த வரி என்ன சொல்கிறது என்று எனக்கே தெரியவில்லை. ஒழுகலா, சத்தமா, துருவா? முனிரத்தினம் வந்து சொன்னது நினைவில் இல்லை. நான் எழுதிய வார்த்தைதான் இருந்தது. அதற்குள் ஒன்றுமே இல்லை.

"வழக்கமா போடறதுதான்க்கா. ஒண்ணும் இல்ல, கையெழுத்துப் போடு" என்றேன்.

போட்டாள்.

நான்கு மணிக்கு உள்ளேயிருந்து சத்தம் கேட்டது. நான் ஓடிப் போனபோது இரண்டு பெண்கள் அவள் தலையைக் குழாயடியில் பிடித்துக்கொண்டிருந்தார்கள். அவள் கத்தவில்லை. முதல் சத்தத்தோடு சரி. "தண்ணி உடு, தண்ணி உடு" என்று மட்டும் திரும்பத் திரும்பச் சொன்னாள். காலடியில் அவளுடைய ஹோஸ் பைப் தரையில் கிடந்து தானாக ஓடிக்கொண்டிருந்தது. மேலே ஏழாம் நம்பரிலிருந்து சொட்டுச் சொட்டாக விழுந்துகொண்டிருந்தது.

அந்தச் சொட்டைப் பார்த்த நொடியில் முனிரத்தினம் சொன்னது முழுவதும் நினைவுக்கு வந்தது, அவர் கையைத் துடைத்த துணியின் நிறம் உள்பட.

பதினைந்து நிமிடம்

சித்தூரில் முதலுதவி செய்து, திருப்பதியில் ஒரு கண் ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார்கள். செலவையெல்லாம் கம்பெனியே பார்த்துக்கொண்டது, அதில் குறை சொல்ல முடியாது. வலது கண் தப்பியது. இடது கண் தப்பவில்லை.

விபத்து அறிக்கை எழுதும் வேலை யாருக்கு? எனக்குத்தான்.

முதலில் நேராகவே எழுதினேன். சத்தியமாக எழுதினேன். வால்வு ஒழுகுவது நான்கு நாள் முன்பே தெரியும். ஃபிட்டர் எச்சரித்தார். அந்த எச்சரிக்கை பணியாளருக்குச் சொல்லப்படவில்லை. மூன்று வரி. வேலைக்குச் சேர்ந்த பிறகு நான் எழுதிய புரிகிற வரிகள் அவை மட்டும்தான்.

மேனேஜர் படித்தார். கோபப்படவில்லை. டிராயரைத் திறந்து என் இரண்டு பக்கப் பட்டியலை எடுத்து என் முன்னால் வைத்தார்.

"பாகா ராசாவம்மா. கானி மன லிஸ்ட்லோ லேது கதா" என்றார்.

நன்றாகத்தான் எழுதியிருக்கிறாய், ஆனால் நம் பட்டியலில் இல்லையே. பிறகு ரெஜிஸ்டரைப் புரட்டி அன்றைய பக்கத்தைக் காட்டினார். படித்தேன், புரிந்துகொண்டேன். எதிரே சரசக்காவின் கையெழுத்து, வட்டம் வட்டமான தெலுங்கு எழுத்தில்.

"தெரிஞ்சேதான் போயிருக்காங்க. அப்படித்தானே அர்த்தம்?"

இல்லை சார், அவள் கேட்டாள், நான்தான் ஒன்றும் இல்லை என்றேன். இதைச் சொல்ல வாயைத் திறந்தேன். திறந்த வாயை மூடிக்கொண்டேன். நைனா ரிட்டயராகி வீட்டில் இருந்தார். தம்பி படித்துக்கொண்டிருந்தான். இதெல்லாம் காரணமா, நானாகச் சொல்லிக்கொண்ட சாக்கா என்று இன்றைக்கும் எனக்குத் தெரியாது.

என் மேஜைக்கு வந்து உட்கார்ந்து புதிதாக எழுதினேன். பூசி மெழுகுவதில் எனக்கு அதற்குள் நல்ல பழக்கம் வந்திருந்தது. பதினைந்து நிமிடம்கூட ஆகவில்லை. நிகழ்வுக்கான மூலம்: கண்காணிப்பில் இருந்த அலகின் அருகே பணியாளரின் நடத்தை சார்ந்த விலகல்.

முனிரத்தினம் அந்த வாரமே என் மேஜைக்கு வந்தார். "நான் சொன்னதை எழுதினீங்களா மேடம்?" என்று கேட்டார். எழுதினேன் என்றேன். எடுத்துக் காட்டினேன். அவர் அந்த வரியை நிதானமாகப் படித்துவிட்டு, "இதுவா நான் சொன்னது?" என்றார். அதற்குப் பிறகு என்னிடம் பேசுவதை விட்டுவிட்டார்.

மூன்றாவது தாள்

இப்போது மறுபடி அந்த அறைக்கு வருகிறேன். மோர் டம்ளரைக் கீழே வைத்துவிட்டேன். ஃபைலைத் திறந்துவிட்டேன்.

முதல் தாளைப் படித்தேன். பெயர், ஷிஃப்ட், இடம். சரசக்கா தலையை ஆட்டிக்கொண்டே கேட்டாள். இரண்டாவது தாள் ஆஸ்பத்திரி விவரம். அதற்கும் ஆட்டினாள். மூன்றாவது தாளில் அந்த வரி. பட்டியலில் இருந்த தமிழிலேயே படித்தேன். வேகமாகப் படித்தால் கடந்து போய்விடலாம் என்று ஒரு நப்பாசை.

"இரு, இரு. நடத்தை சார்ந்த… அதென்ன விலகலு? இது உன் லிஸ்டு வார்த்தை இல்ல? நாம பஸ்ல சிரிப்பமே." அவள் முகத்தில் பாதி சிரிப்புகூட வந்தது. "சொல்லு, இன்னா அது?"

அதே கேள்வி. அதே குரல். ஒண்ணும் இல்லக்கா, வழக்கமா போடறதுதான் என்று நாக்கு நுனி வரை வந்துவிட்டது. அப்படிச் சொல்லியிருந்தால் அவளும் கையெழுத்துப் போட்டிருப்பாள், எனக்கும் நாலரை பஸ் கிடைத்திருக்கும்.

"உன் கவனக்குறைவுன்னு அர்த்தம்க்கா" என்றேன். "நீ பாக்காம போனதாலதான் நடந்ததுன்னு எழுதியிருக்கு."

அவள் தாளைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள்.

"ஆரு எழுதனது?"

"நான்தான்."

"ஏழாம் நம்பரு ஒழுகுதுன்னு உனக்குத் தெரியுமா?"

"தெரியும். முனிரத்தினம் நாலு நாள் முன்னாடியே வந்து சொன்னாரு."

அவள் என்னைத் திட்டுவாள் என்று காத்திருந்தேன். திட்டினால் தேவலை என்றிருந்தது. அவள் பச்சைத் துணியைச் சரிசெய்துகொண்டாள். எனக்கு என்மேலேயே அருவருப்பாக இருந்தது. அழுதேன். அழுததுகூட அந்த இடத்தில் அசிங்கமாகப் பட்டது, உடனே நிறுத்திக்கொண்டேன்.

"கையெழுத்துப் போடாட்டி வர்ற சீசனுக்குக் கூப்புடுவாங்களா?" என்று கேட்டாள்.

"மாட்டாங்கக்கா."

"அப்ப பேனாவக் குடு. எங்க போடணும்?"

தாளின் அடியில் ரெஜிஸ்டரில் இருந்த அதே இரண்டு வார்த்தைகள் அச்சிட்டிருந்தன: படித்தேன், புரிந்துகொண்டேன். ஒரு கண்ணால் பார்த்துப் பழகவில்லை, பேனா கோட்டைத் தாண்டி இறங்கியது. அவள் கையைப் பிடித்து, கோடு இருக்கும் இடத்தில் கொண்டுபோய் வைத்தேன். அந்த வட்ட எழுத்துகளை ஒவ்வொன்றாகப் போட்டாள். முடித்துவிட்டுப் பேனாவை மூடி என்னிடம் நீட்டினாள்.

"இத்தன வருசத்துல புரிஞ்சி போட்டது இது ஒண்ணுதான், மேடம்" என்றாள்.

அது அவளுடைய வீடு. கேட்டுக்குள் இல்லை. இருந்தும் மேடம் என்றாள்.

நாலரை பஸ் கிடைத்தது. மறுநாள் அந்தத் தாளை ஃபைலில் சேர்த்தேன்.

அடுத்த சீசனுக்கு அவளைக் கூப்பிடவில்லை. வேண்டாம் என்று முடிவான பெயர்களை மேனேஜர் ஒரு சீட்டில் எழுதி என் மேஜைக்கு அனுப்பினார். மூன்றாவது பெயர் அவளுடையது. மேலே என்ன தலைப்புப் போட வேண்டும் என்று அவர் எழுதவில்லை. எழுத வேண்டிய தேவையும் இல்லை. பருவகால விடுவிப்பு என்று நானே டைப் அடித்தேன்.